ரெக்ரஷன் அட்டவணையில் பெயர்கள் மாறி நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாடல் ஓடிவிட்டது. எண்களிலும் குறையில்லை. ஆனால் அட்டவணையில் ‘வயது’ என்ற பெயருக்கு எதிரே நிற்பது கல்வியின் கெழு, அதாவது கல்வி விளைவை எவ்வளவு மாற்றுகிறது என்று காட்டும் எண். கட்டளையில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் உடனே நிறுத்திவிடும் மென்பொருள், இந்தப் பிழைக்கு ஒரு எச்சரிக்கையும் தராமல் அட்டவணையை அச்சுக்குத் தயாராக்கிக் கொடுத்துவிடும். படிப்பவரிடம் தரவு இல்லை. கட்டளைக் கோப்பும் இல்லை. வரியின் பெயரை நம்பித்தான் அவர் எண்ணைப் படிக்கிறார். அதனால் லேபிள் வேலையைக் கடைசி நேர அலங்காரமாக ஒதுக்காமல், மாடலைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

எதையும் திருத்துவதற்கு முன்

அலங்காரம் எதுவும் இல்லாத மூல வெளியீட்டை முதலில் எடுத்து வையுங்கள். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ரெக்ரஷன் கட்டளை திரையில் காட்டும் பட்டியல் போதும்; பாலினம் போன்ற வகை மாறிகள் இருந்தால் ‘கோஎஃப்லெஜண்ட்’ விருப்பத்தைச் சேர்த்து இயக்கினால் ஒவ்வொரு கெழுவுக்கும் மென்பொருள் உள்ளே வைத்திருக்கும் பெயர் தெரியும். ஆர் மொழியில் ‘சம்மரி’, பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் தொகுப்பில் ‘பாராம்ஸ்’ அதே வேலையைச் செய்யும்.

பிறகு, அட்டவணையில் சந்தேகத்துக்குரிய எண்ணை எடுத்து மூல வெளியீட்டில் தேடுங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம், எண்ணை வைத்துத் தேடுங்கள். எண் வேறொரு பெயருக்கு எதிரே கிடைத்தால் கோளாறு அட்டவணை உருவாகும் கட்டத்தில் இருக்கிறது. எண் அதே பெயருக்கு எதிரே இருந்தும் பொருள் தலைகீழாகத் தோன்றினால் கோளாறு அதற்கும் முன்னால், தரவைக் குறியிட்ட கட்டத்தில் இருக்கிறது. எண்ணே கிடைக்கவில்லை என்றால் அட்டவணை பழைய மாடல் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. எந்தக் கட்டம் என்று தெரியாமல் லேபிளை மட்டும் மாற்றி எழுதினால், இன்று சரியாகத் தெரிவது நாளை மாடலில் ஒரு மாறியைச் சேர்த்தவுடன் மறுபடி கெட்டுவிடும்.

அறிகுறி: பெயர்கள் ஒரு வரி மேலோ கீழோ நகர்ந்திருக்கின்றன

இது இட வரிசைப்படி லேபிள் ஒட்டியதால் வரும் பிழை. ஆரில் பலரும் பயன்படுத்தும் ஸ்டார்கேஸர் தொகுப்பின் ‘கோவேரியேட் லேபிள்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் தரும் பட்டியலின் முதல் பெயர் அட்டவணையின் முதல் வரிக்கு, இரண்டாவது பெயர் இரண்டாவது வரிக்கு என்று அது வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். எந்த மாறிக்கு எந்தப் பெயர் என்று அது பார்ப்பதில்லை.

நகர்வுக்கு முதல் சந்தேக நபர் மாறிலி, அதாவது மற்ற மாறிகள் எல்லாம் பூஜ்யமாக இருக்கும்போது மாடல் தரும் மதிப்பு. ஆரின் சம்மரியில் மாறிலி முதல் வரியில் நிற்கும். ஸ்டார்கேஸர் அதை இயல்பாகவே கடைசி வரிக்குக் கொண்டுபோகும். சம்மரியைப் பார்த்துப் பட்டியல் எழுதுபவர் ‘மாறிலி’ என்று தொடங்கினால் அத்தனை பெயர்களும் ஒரு படி இறங்கிவிடும். ஸ்டேட்ஸ்மாடல்ஸிலும் மாறிலியைச் சேர்க்கும் ஃபங்ஷன் அதை முதல் பத்தியாகவே வைக்கிறது. சுருக்க அட்டவணைக்குப் பெயர்களைக் கையால் தரும்போது இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் பல மாடல்களை அருகருகே வைப்பது. முதல் மாடலில் இல்லாத மாறி மூன்றாவது மாடலில் நுழைந்தால், கூட்டு அட்டவணையில் அது எந்த வரியில் அமரும் என்பதை மென்பொருள் தன் விதிப்படி முடிவு செய்யும். உங்கள் பட்டியலோ நீங்கள் ஊகித்த வரிசைப்படி இருக்கும். மூன்றாவது, ஒன்றோடொன்று முழுமையாகத் தொடர்புள்ள மாறிகளில் ஒன்றை மென்பொருள் தானே விலக்கிவிடுவது. ஆரின் ரெக்ரஷன் கட்டளையான எல்எம் அப்படிப்பட்ட மாறியின் பெயரை வைத்துக்கொண்டு கெழுவை மட்டும் வெறுமையாக விடும். அடுத்து வரும் அட்டவணைத் தொகுப்பு அந்த வரியை வைத்திருக்குமா, நீக்கிவிடுமா என்பதைப் பொறுத்து கீழே உள்ள பெயர்கள் நகரும்.

பட்டியல் நீளம் குறைவாக இருந்தால் ஸ்டார்கேஸர் நிற்காது. மிச்ச வரிகளில் மாறிகளின் மூலப் பெயர்களைப் போட்டுவிட்டுப் போகும். கடைசிச் சில வரிகளில் மட்டும் அழகற்ற பெயர்கள் தெரிந்தால் அதை நல்ல தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே எங்கோ ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது.

தீர்வு, இடத்தை விட்டுவிட்டு உள்பெயரோடு லேபிளைக் கட்டுவது. ஸ்டேட்டாவில் அட்டவணை தயாரிக்கும் எஸ்ட்டாப் கட்டளையின் ‘கோஎஃப்லேபிள்ஸ்’, ஆரின் தொகுப்புகளில் மாடல்சம்மரியின் ‘கோஎஃப் மேப்’, டெக்ஸ்ரெக்கின் ‘கஸ்டம் கோஎஃப் மேப்’, ஃபிக்ஸெஸ்டின் ‘டிக்ட்’ ஆகிய எல்லாமே ‘இந்த உள்பெயருக்கு இந்த லேபிள்’ என்ற இணைகளைத்தான் கேட்கும். டெக்ஸ்ரெக்கில் இடவரிசைப்படி பெயர் ஏற்கும் விருப்பமும் உண்டு. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அது மறுத்துவிடும். ஆனால் எண்ணிக்கை பொருந்தி வரிசை மாறியிருந்தால் அதுவும் காப்பாற்றாது. புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: இட வரிசை விருப்பங்களைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: பெயர் சரியான வரியில்தான் இருக்கிறது, ஆனால் கெழுவின் குறி நம்ப முடியாதபடி இருக்கிறது

மிக ஆபத்தான அறிகுறி இது. நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். எதிர்பாராத குறி உண்மையான கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம் என்பதால், பலர் விளக்கம் தேடுவதில் இறங்கிவிடுகிறார்கள். முதலில் வகைகளின் குறியீட்டைச் சரிபாருங்கள்.

ஆரில் எழுத்து மாறியை ஃபேக்டராக (ஆர் வகை மாறிக்கு வைத்திருக்கும் வடிவம்) மாற்றினால் அதன் நிலைகள், அதாவது வகைகள், அகர வரிசையில் அமையும். வருமான நிலை ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘உயர்வு’ என்று இருந்தால் ஆர் வைத்துக்கொள்ளும் வரிசை உயர்வு, குறைவு, நடுத்தரம். மற்ற வகைகள் எதனோடு ஒப்பிடப்படுகின்றனவோ அந்த ஒப்பீட்டு வகை உயர்வு. இந்த வரிசையை மாற்ற நினைத்து, ‘லெவல்ஸ்’ ஃபங்ஷனின் இடப்பக்கத்தில் மாறியை வைத்து, வலப்பக்கத்தில் ‘குறைவு, நடுத்தரம், உயர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டளை வரிசையை மாற்றாது, பெயர்களை மாற்றும். உயர்வாக இருந்தவர்கள் எல்லாரும் ‘குறைவு’ ஆகிவிடுவார்கள். வரிசையை மாற்ற வேண்டுமானால் ‘ஃபேக்டர்’ ஃபங்ஷனுக்குள் நிலைகளைப் புது வரிசையில் தர வேண்டும். ஒப்பீட்டு வகையை மட்டும் மாற்ற ‘ரீலெவல்’ போதும். பழைய மாறியை அழிக்காமல் வைத்து, பழையதையும் புதியதையும் குறுக்கு அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பழைய வகைக்கும் ஒரே ஒரு புதிய வகையில் மட்டும் எண்ணிக்கை இருக்க வேண்டும், அது அதே பெயருள்ள வகையாகவும் இருக்க வேண்டும்.

விளைவு மாறியும் இதே வலையில் சிக்கும். இரண்டு விளைவுகளில் ஒன்றின் வாய்ப்பைக் கணிக்கும் ஆரின் லாஜிஸ்டிக் மாடல், ஃபேக்டரின் முதல் நிலையைத் தோல்வியாகவும் மற்றதை வெற்றியாகவும் எடுத்துக்கொள்ளும். ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்று விளைவு இருந்தால் அகர வரிசையில் தேர்ச்சி முதலில் வரும். மாடல் கணிப்பது தோல்வியின் வாய்ப்பை. அட்டவணைத் தலைப்பில் நீங்கள் எழுதியிருப்பது தேர்ச்சி. எல்லாக் கெழுக்களின் குறியும் ஒருசேரத் தலைகீழாகத் தெரிந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாஸ் மென்பொருளின் லாஜிஸ்டிக் கட்டளையும் இயல்பாக வரிசையில் கீழே உள்ள மதிப்பையே கணிக்கும். 0, 1 என்று குறியிட்டிருந்தால் அது கணிப்பது 0. எந்த மதிப்பின் வாய்ப்பைக் கணித்தது என்பதை வெளியீட்டில் தெளிவாக எழுதியும் வைக்கும். அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு லாஜிஸ்டிக் வெளியீட்டில் ‘பாலினம்(1)’ என்று வரும் பெயர் பெரிய குழப்பம். அடைப்புக்குள் உள்ள 1, குறியீட்டு மதிப்பு 1 அல்ல. முதல் டம்மி மாறி (ஒரு வகையில் இருந்தால் 1, இல்லையேல் 0 என்று குறிக்கும் மாறி) என்று பொருள். இயல்பாக அங்கே கடைசி வகைதான் ஒப்பீட்டு வகை. ஆண் 0, பெண் 1 என்று குறியிட்டு, பாலினத்தை வகை மாறியாக அறிவித்தால் ‘பாலினம்(1)’ என்பது ஆண். பெண் என்று லேபிள் எழுதினால் முடிவே கவிழ்ந்துவிடும். வெளியீட்டின் தொடக்கத்தில் வகை மாறிகளின் குறியீட்டைக் காட்டும் சிறிய அட்டவணை ஒன்று வரும். லேபிள் எழுதும்போது அது கண்முன் இருக்கட்டும்.

பல வகை விளைவு உள்ள மாடல்களில் ஒப்பீட்டு வகை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஸ்டேட்டாவின் எம்லாஜிட் அதிக எண்ணிக்கையுள்ள வகையை எடுக்கும். எஸ்பிஎஸ்எஸ் கடைசி வகையை எடுக்கும். ஆரின் மல்டினாம் முதல் நிலையை எடுக்கும். ஒரே தரவை இரண்டு மென்பொருளில் ஓட்டி வேறு வேறு எண்கள் வந்தால் பதற வேண்டாம். ஒப்பீட்டு வகையை இரண்டிலும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆரில் வரிசைப்படுத்திய ஃபேக்டரைப் பயன்படுத்தினால் தனி எச்சரிக்கை தேவை. நான்கு நிலைகள் உள்ள மாறிக்கு மூன்று கெழுக்கள் வரும். அவற்றின் பெயர் இறுதியில் எல், க்யூ, சி என்ற எழுத்துகள் ஒட்டியிருக்கும். அவை இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலைகள் அல்ல. நேர்கோட்டுப் போக்கு, இருபடிப் போக்கு, முப்படிப் போக்கு. எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காக நிலைகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினால் அந்த மூன்று வரிகளும் பொருளற்றவை ஆகிவிடும். நிலைகளை ஒப்பிடத்தான் விரும்புகிறீர்கள் என்றால் ஃபேக்டரைச் சாதாரண ஃபேக்டராக மாற்றிவிட்டு மாடலை மறுபடி ஓட்டுங்கள். லேபிளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ஸ்டேட்டாவில் இதே அறிகுறிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, எழுத்து மாறிக்கு எண் குறியீடு தரும் ‘என்கோட்’. எண்களே எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாறியில் இதைப் பயன்படுத்தினால் 1, 10, 2 என்ற அகர வரிசைப்படி புதிய குறியீடுகள் 1, 2, 3 என்று கிடைக்கும். திரையில் பழைய எண்களே லேபிளாகத் தெரிவதால் பிழை கண்ணில் படாது. அங்கே தேவைப்பட்டது, எழுத்தாக உள்ள எண்ணை அதே எண்ணாக மாற்றும் ‘டீஸ்ட்ரிங்’. இன்னொன்று, ஒரு கோப்பின் அடியில் இன்னொன்றைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’. இரண்டு கோப்புகளிலும் ஒரே பெயரில் மதிப்பு லேபிள் இருந்து, உள்ளே 1, 2, 3 வேறு வேறு வகைகளைக் குறித்தால், நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள கோப்பின் லேபிளை மட்டும் ஸ்டேட்டா வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் வரும். இரண்டாவது கோப்பின் வகைகள் முதல் கோப்பின் பெயர்களோடு உலாவத் தொடங்கும். இணைப்பதற்கு முன் இரு கோப்புகளிலும் லேபிள் பட்டியலை அச்சிட்டு ஒப்பிடுவதுதான் ஒரே காப்பு.

சந்தேகம் தீரவில்லையா? அந்த ஒரே வகை மாறியை மட்டும் வைத்து, சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன் ஒன்றை ஓட்டுங்கள். டம்மி முறையில் குறியிட்டிருந்தால் மாறிலி, ஒப்பீட்டு வகையின் சராசரிக்கு அச்சாகச் சமமாக இருக்கும். ஒவ்வொரு கெழுவும் அந்த வகையின் சராசரிக்கும் ஒப்பீட்டு வகையின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். மூலத் தரவிலிருந்து வகைவாரிச் சராசரியைத் தனியே கணக்கிட்டுப் பக்கத்தில் வையுங்கள். எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்பதில் அதற்குமேல் ஐயம் இருக்காது.

அறிகுறி: லேபிள் கொடுத்தும் மூலப் பெயரே வருகிறது

ஸ்டேட்டாவில் பெரும்பாலும் ‘லேபிள்’ விருப்பத்தைச் சேர்க்க மறந்ததுதான் காரணம். எஸ்ட்டாப் இயல்பாக மாறியின் பெயரையே காட்டும். அது இருந்தும் வரவில்லை என்றால், அட்டவணை உருவாகும் நேரத்தில் நினைவகத்தில் எந்தத் தரவு இருக்கிறது என்று பாருங்கள். மாடலைச் சேமித்தபோது இருந்த லேபிளை எஸ்ட்டாப் நினைவில் வைத்திருப்பதில்லை; அந்த நேரத்தில் திறந்திருக்கும் தரவிலிருந்து எடுக்கிறது. இடையில் வேறு கோப்பைத் திறந்திருந்தால் லேபிள் காணாமல் போகும். அதைவிட மோசம், அதே பெயரில் வேறு பொருளுள்ள மாறி அங்கே இருந்தால் தவறான லேபிள் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘கொலாப்ஸ்’ கட்டளையால் தொகுத்துச் சுருக்கிய தரவில் லேபிளின் முன்னே சராசரி, கூட்டுத்தொகை என்ற குறிப்பு சேர்ந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

ஆரில் காரணம் வேறு. கெழுவின் உள்பெயர், மாறியின் பெயரும் நிலையின் பெயரும் ஒட்டிய ஒரே சொல். ‘பாலினம்’ என்று நீங்கள் இணை எழுதினால் ‘பாலினம்பெண்’ என்ற கெழுவுக்கு அது பொருந்தாது. உண்மை-பொய் வகை மாறியில் பெயருக்குப் பின்னால் ‘ட்ரூ’ ஒட்டியிருக்கும். ஊகிக்காமல், கெழுக்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு அங்கிருந்தே நகலெடுங்கள். ஹேவன் தொகுப்பு வழியாக எஸ்பிஎஸ்எஸ் கோப்பைப் படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: லேபிளோடு வந்த மாறி இன்னும் எண்ணாகவே இருக்கும். ஐந்து வகை உள்ள மாறிக்கு ஒரே ஒரு கெழு வந்திருந்தால் ‘ஆஸ் ஃபேக்டர்’ கொண்டு ஃபேக்டராக மாற்றாமலே மாடலுக்குள் போயிருக்கிறது. அப்போது லேபிளோடு மாடலும் தவறு.

பைத்தானில் ‘எக்ஸ்1’, ‘எக்ஸ்2’ என்று வந்தால், நம்பை அணியாகத் தரவைக் கொடுத்திருக்கிறீர்கள். பாண்டாஸ் தரவுச்சட்டமாகவே கொடுங்கள். பத்திகளின் பெயர்கள் தாமாக வரும்.

அறிகுறி: ஒரே மாறி இரண்டு வரிகளில் பிரிந்து நிற்கிறது

இடைவினை உறுப்பாக (இரு மாறிகளின் பெருக்கமாக) இருந்தால் ஃபார்முலாவில் மாறிகள் வந்த வரிசையைப் பாருங்கள். ஒரு மாடலில் வயது முதலிலும் இன்னொன்றில் பாலினம் முதலிலும் வந்தால் ஆர் ஒன்றை ‘வயது:பாலினம்’ என்றும் மற்றதை ‘பாலினம்:வயது’ என்றும் எழுதும். ஃபார்முலாக்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவருவதே சுத்தமான வழி. ஸ்டேட்டாவில் இரு மாடல்களில் வேறு பெயருள்ள மாறிகளை ஒரே வரிக்குக் கொண்டுவர ‘ரீநேம்’ விருப்பம் உதவும். ‘ஆண்’ என்பதே இருமுறை வந்தால் அவற்றில் ஒன்றின் இறுதியில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கக்கூடும். தரவைத் துப்புரவு செய்யுங்கள்.

அறிகுறி: ஒரு வரியே காணவில்லை

நீக்கும் விருப்பங்கள் பலவும் முழுப் பெயரைப் பார்ப்பதில்லை. எழுத்துக் கோலத்தைப் பார்க்கின்றன. ஸ்டார்கேஸரின் ‘ஒமிட்’ விருப்பத்தில் ‘கல்வி’ என்று எழுதினால் ‘தாய்க்கல்வி’யும் ‘உயர்கல்வி’யும் சேர்ந்தே போய்விடும். தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் குறிகளை (^, $) சேர்த்து எழுதுங்கள். மாடல்சம்மரியின் ‘கோஎஃப் மேப்’பில் இல்லாத கெழு அட்டவணையில் வராது, ஓர் எழுத்துப்பிழை ஒரு வரியையே விழுங்கிவிடும். மூல வெளியீட்டின் கெழுக்களையும் அட்டவணையின் வரிகளையும் எண்ணி ஒப்பிடுங்கள்.

அறிகுறி: பத்தித் தலைப்பு அல்லது அடிக்குறிப்பு பொருந்தவில்லை

தலைப்புகள் இன்றும் பெரும்பாலும் இட வரிசையையே நம்பியிருக்கின்றன. ஸ்டேட்டாவில் முந்தைய வேலையின் மாடல்கள் சேமிப்பில் மிச்சமிருந்தால் அவை முதல் பத்திகளைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அட்டவணைக்கு முன்னும், சேமித்த மாடல்களை அழிக்கும் ‘எஸ்ட்ஸ்டோ கிளியர்’ எழுதுவது நல்ல பழக்கம்.

அடிக்குறிப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. பிழைகள் அங்கே நெடுநாள் வாழ்கின்றன. எஸ்ட்டாப் அடைப்புக்குள் இயல்பாகக் காட்டுவது டி மதிப்பு, அதாவது கெழுவை அதன் திட்டப்பிழையால் வகுத்த எண். திட்டப்பிழை வேண்டுமானால் தனியே கேட்க வேண்டும். பழைய அட்டவணையின் ‘அடைப்புக்குள் திட்டப்பிழை’ என்ற குறிப்பை அப்படியே ஒட்டினால் படிப்பவர் கெழுவின் துல்லியத்தையே தவறாக எடைபோடுவார். நட்சத்திரங்களும் ஒன்றல்ல. எஸ்ட்டாப்பில் ஒரு நட்சத்திரம் என்றால் பி மதிப்பு 0.05க்குக் கீழ், மூன்று நட்சத்திரம் 0.001க்குக் கீழ். ஸ்டார்கேஸரில் ஒன்று 0.1க்குக் கீழ், மூன்று 0.01க்குக் கீழ். ஒரு மென்பொருளின் எண்களை இன்னொன்றின் அடிக்குறிப்போடு சேர்க்கவே கூடாது.

அறிகுறி: லேபிள் அறுந்தோ சிதைந்தோ வருகிறது

ஸ்டேட்டாவில் மாறி லேபிளுக்கு எல்லை 80 எழுத்துக்குறிகள். தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால் கண்ணுக்கு 50 எழுத்து போலத் தெரிவதே எல்லையைத் தொட்டுவிடலாம். டாலர் குறிக்கு அடுத்து எழுத்து வந்தால் அதை மேக்ரோ (வேறு உரையைக் குறிக்கும் பெயர்) என்று நினைத்து ஸ்டேட்டா அந்தச் சொல்லையே வெறுமையாக்கிவிடும்; குறிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு இடுங்கள். லேட்டெக் என்ற அச்சுக்கோர்ப்பு முறையில் லேபிளுக்குள் விழுக்காட்டுக் குறி வந்தால் அந்த வரியின் மிச்சம் முழுவதும் குறிப்புரையாகி மறையும். ‘அண்ட்’ குறி (&) வந்தால் எண்கள் ஒரு பத்தி வலப்பக்கம் தள்ளிப்போகும். இந்தக் குறிகளைக் காக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், அல்லது தொகுப்பிடம் விடுங்கள். இருவரும் செய்தால் பின்சாய்வுக்கோடு அச்சிலேயே தெரியும்.

தமிழ் லேபிள்கள் கோண அடைப்புக்குள் குறியீட்டு எண்களாக வந்தால், விண்டோஸில் 4.2.0க்கு முந்தைய ஆர் பதிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கம் இயல்பானது. ஸ்டேட்டாவில் யூனிகோட் வந்தது 14ஆம் பதிப்பில். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய லேபிள்களுக்குத் தனி மாற்றி தேவை. லேட்டெக்கில் தமிழுக்கு ஸீடெக் அல்லது லுவாடெக் பொறியைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழுக்கே உரிய நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘பொருள்’ என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருளுக்கு இரண்டும் வேறு பெயர்கள். பெயரால் கட்டிய லேபிள் எவ்வளவு பார்த்தாலும் பொருந்த மறுத்தால், மாறிப் பெயர்களையும் லேபிள் பட்டியலையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டு முயலுங்கள். மாறிப் பெயரை ஆங்கில எழுத்திலும் லேபிளை மட்டும் தமிழிலும் வைத்தால் இந்தத் தொல்லையே எழாது.

திருத்தம் பிடித்ததா என்று பார்க்க

மாடலின் ஃபார்முலாவில் மாறிகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, லேபிள் பகுதியைத் தொடாமல், அட்டவணையைப் புதிய அமர்வில் மறுபடி உருவாக்குங்கள். கெழுக்கள் மாறக் கூடாது. ஒவ்வொரு பெயரும் தன் எண்ணோடு சேர்ந்தே இடம் மாறியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்தே பழைய இடத்தில் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பெயர் தன் எண்ணை விட்டுப் பிரிந்திருந்தால் அந்த லேபிள் இன்னும் இடத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது; அதன் உள்பெயரைக் கண்டுபிடித்து இணையாக எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.